மார்பில் ஊன்றிய முழங்கால்: ஆமூரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, உட்லண்ட்ஸில் நான் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்குப் பதினொரு வயது இருக்கும், தம்பிக்கு எட்டு. தம்பி சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தான். அண்ணனின் ஒரு முழங்கால் தம்பியின் மார்பில் ஊன்றியிருந்தது. மற்றொரு கால் விலகி நீண்டு தரையைப் பற்றியிருந்தது. தம்பி உள்ளங்கையால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். அண்ணன் எழவில்லை.

நான் ஓடிச்சென்று விலக்கினேன். "விளையாட்டுக்குத்தான் டீச்சர். யூடியூப்பில் பார்த்துப் பழகினேன். ஜுஜித்சு" என்றான் பெரியவன். "அவன் தரையைத் தட்டினானே, ஏன் விடவில்லை?" என்று கேட்டேன். "தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்த படத்துணுக்கு ஒரு நிமிடத்திற்கும் குறைவானது. எதிராளி தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும் என்பது அக்கலையின் முதற்பாடம். அந்தப் பாடம் அத்துணுக்கில் இல்லை.

சிறுவர்களின் தாயார் பதறிப்போய், "கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்றபோது கிடைத்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஆமூரில் நடந்த மற்போர்

அச்சிறுவனின் முழங்காலைக் கண்டதும் என் நினைவுக்கு வந்தது, ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் படித்த புறநானூறு. உ.வே.சாமிநாதையர் 1894இல் முதன்முதலாக அச்சேற்றிய அந்நூலின் 80ஆம் பாட்டு, சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியது. ஆமூர் மல்லனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி செய்த மற்போரை அது காட்டுகிறது.

புலவர் வெறுமனே 'வென்றான்' என்று சொல்லிப் போகவில்லை. கால்கள் எங்கே இருந்தன என்று சொல்கிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்தியிருக்கிறது. உரையாசிரியர்கள் இதனை மண்டியாக மடித்த கால் என்று கொள்வர். மற்றொரு கால், மல்லன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறமாகச் செல்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயன்று முறிப்பதுபோல, மல்லனின் தலையும் காலும் ஆகிய இரு முனையும் முறியுமாறு தாக்கினான் என்று உவமை கூறுகிறார். மோதலின் நடுவே ஓர் உறைந்த நிலையைப் பிடித்துக் காட்டும் பாட்டு இது. இன்றைய ஜுஜித்சுப் பயிற்சியாளர் ஒருவர் இதைப் படித்தால், எந்தப் பிடியைச் சொல்கிறார் என்று ஊகிப்பது அவருக்குக் கடினமாக இராது.

இதே மன்னனை 82ஆம் பாட்டிலும் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது; இத்தனை அவசரத்தின் நடுவே கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாகச் செல்லுமோ, அத்துணை விரைவாக நடந்ததாம் அந்தப் போர். இவனைக் காதலித்துப் பாடிய பெண்பாற் புலவர் நக்கண்ணையாரின் பாடல்கள் மூன்றும் (83, 84, 85) இவற்றை அடுத்தே அமைந்துள்ளன.

இரண்டு செய்திகளை இங்கு மனத்தில் வைக்க வேண்டுகிறேன். ஒன்று, அம்மன்னனின் அடைமொழியாகிய 'போரவை'. போர்த்தொழில் பயிலும் அவை என்று இதற்குப் பொருள் கொள்வர். ஆக, அவன் தனித்துக் கற்றவன் அல்லன். ஓர் அவையில் பலரோடு பொருது கற்றவன். மற்றொன்று, அவனுடைய தந்தை தித்தன். உறையூரை ஆண்ட தித்தனுக்கும் மகனுக்கும் பகை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, மகன் மல்லனை வென்று நிற்கும் இந்த நிலையைத் தந்தை தித்தன் காணட்டும் என்பதே அப்பாட்டில் புலவரின் வேண்டுகோள். இந்த இரண்டாம் செய்திக்குப் பின்னர் வருகிறேன்.

'மல்' என்னும் சொல்லுக்கு வலிமை என்றும் மற்போர் என்றும் பொருள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பட்டம் பூண்டான். மாமல்லபுரம் அப்பெயரால் நிற்கிறது. இவற்றை வைத்து ஜுஜித்சு தமிழகத்திலிருந்துதான் சென்றது என்று யாரும் அவசரப்பட்டு எழுதிவிட வேண்டா. அதற்குச் சான்று இல்லை. மனித உடலின் எலும்பும் மூட்டும் எந்நாட்டிலும் ஒன்றே. ஒருவனை மல்லாத்தி அசையாமல் வைக்க வேண்டுமென்றால், மார்பில் ஒரு பாரமும் தரையில் ஓர் ஊன்றுகாலும் வேண்டும். வெவ்வேறு மக்கள் தனித்தனியே இந்த விடைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆசிரியர் ஒருவர் வகுத்த கலை

இன்று சிறுவர்கள் காணொளியில் காணும் பிரேசிலிய ஜுஜித்சுவின் வேர் ஜப்பானில் உள்ளது. அதன் தலைமகனாகிய கானோ ஜிகோரோ (1860–1938) நம் இனத்தவர், அதாவது ஆசிரியர். டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர். உருவத்தில் சிறியவர். இளமையில் வலிய மாணவர்களிடம் துன்பப்பட்டதால் பழைய ஜுஜுட்சு முறைகளைப் பயின்றார். 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில், ஒன்பது மாணவர்களோடு கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பிறந்ததே ஜூடோ.

கானோவின் வாழ்வில் நம் கேள்விக்கு நேராக விடை தரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர் பயின்ற இடத்தில் ஃபுகுஷிமா என்னும் பெருத்த உடலினர் ஒருவர் இருந்தார். அவரை எப்படியும் வீழ்த்த முடியவில்லை. சுமோ வீரர்களின் உத்திகளை ஆராய்ந்தார், பயனில்லை. பிறகு நூலகம் சென்று மேனாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். அவற்றில் கண்ட ஒரு பிடி, எதிராளியைத் தோள்களின் மேல் தூக்கி எறிவது. இன்று ஜூடோவில் அதற்குக் 'காதா குருமா' என்று பெயர். அதைப் படித்ததும் அவர் நேரே ஃபுகுஷிமாவிடம் ஓடவில்லை. முதலில் தம் நண்பர்களிடம் பலமுறை பழகிப் பார்த்தார். கை பழகிய பின்னரே பெரியவரைத் தூக்கினார், வென்றார்.

அக்காலத்து நூல், இக்காலத்துக் காணொளிக்குச் சமம். எனவே 'பார்த்துக் கற்க முடியுமா' என்றால், முடியும். கானோவே கற்றார். ஆனால் நூலுக்கும் வெற்றிக்கும் நடுவே, இசைந்து உடலைக் கொடுத்த நண்பர்கள் இருந்தார்கள்.

கானோ தம் பாடத்திட்டத்தையும் இப்படியே வகுத்தார். 'காதா' என்பது வரையறுத்த அசைவுகளைப் பார்த்துச் செய்வது. 'ரன்டோரி' என்பது இருவர் தத்தம் விருப்பப்படி மோதிப் பழகுவது. இரண்டும் வேண்டும் என்றார். மொழிப்பாடத்தில் இலக்கணமும் உரையாடலும் போல என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பிரேசிலுக்குச் சென்ற கலை

கோடோகானில் பயின்ற மயேதா மிட்சுயோ 1904இல் அமெரிக்கா சென்றார். பல நாடுகளில் மேடையேறிப் பொருது, 1914இல் பிரேசிலை அடைந்தார். பின்னர் பெலேம் நகரில் குடியேறினார். அவ்வூரில் கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞர் அக்கலையைக் கற்றுத் தம் தம்பியருக்கும் கற்பித்தார். தம்பியருள் ஒருவரான எலியோ (1913–2009) மெலிந்த உடலினர் என்றும், பயிற்சி செய்யாமல் அண்ணன் கற்பிப்பதை ஓரமாக அமர்ந்து பார்த்தே எல்லாவற்றையும் மனத்தில் பதித்துக்கொண்டார் என்றும், ஒருநாள் அண்ணன் வரத் தாமதமானபோது தாமே மாணவருக்குக் கற்பித்தார் என்றும் அக்குடும்பத்தார் கூறுவர். குடும்பக் கதைகளுக்கே உரிய மெருகு இதில் இருக்கலாம். ஆயினும் பார்த்துக் கற்றல் என்பது இக்கலையின் பிறப்புக் கதையிலேயே இடம்பெற்றுவிட்டது.

அவர்கள் தரையில் நடக்கும் போரையே பெரிதும் வளர்த்தனர். இன்றைய பிரேசிலிய ஜுஜித்சுப் போட்டிகளில் எதிராளியின் மார்பின்மேல் இருபுறமும் கால்போட்டு அமரும் 'மவுண்ட்' நிலைக்கு 4 புள்ளிகள். முதுகைப் பற்றிக்கொள்ளும் நிலைக்கும் 4. ஒரு முழங்காலை மார்பிலோ வயிற்றிலோ ஊன்றும் நிலைக்கு 2. அந்நிலையில் மூன்று வினாடிகளாவது நிலைத்திருக்க வேண்டும். தாக்குவதற்குப் புள்ளி இல்லை. நிலையைப் பிடித்து வைப்பதற்கே புள்ளி. முதலில் நிலை, பிறகே பூட்டு என்பது அவர்களின் முறை.

1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் எலியோ, ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோவோடு மோதினார். கிமுரா அவருடைய கையைப் பூட்டினார். எலும்பு முறிந்தது. எலியோ தட்டவில்லை. ஓரத்தில் நின்ற அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்றும் 'கிமுரா' என்றே பெயர். வீரர்கள் இதை எலியோவின் மனவுறுதிக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கோ, ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணனே கண்ணில் நிற்கிறார்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் தம்மினும் பெரிய உடலினரை வென்றதும் உலகம் இக்கலையைத் திரும்பிப் பார்த்தது. பயிற்சி வீடியோ நாடாக்கள் பரவின. 2005இல் யூடியூப் வந்தபின் விலையும் இல்லை, வாயிலும் இல்லை. 2018 ஜக்கர்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜுஜித்சு ஒரு பிரிவாகவே இடம்பெற்றது.

சிங்கையின் கோதாக்கள்

நம் ஊருக்கும் மற்போர் புதிதன்று. போருக்கு முன்னும் பின்னும் சிங்கையில் மூன்று 'உலகங்கள்' இருந்தன. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரில் நியூ வோர்ல்டு, கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்டு, கேலாங்கில் ஹேப்பி வோர்ல்டு. இக்கேளிக்கைப் பூங்காக்களில் குத்துச்சண்டையும் குஸ்தியும் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. கிங் காங் என்னும் மேடைப்பெயர் கொண்ட எமில் சாயா இங்குப் புகழ்பெற்றார். 1970இல் சிங்கப்பூரிலேயே காலமானார். 1947இல் பஞ்சாபிலிருந்து வந்த இளைஞர் தாரா சிங், கிரேட் வோர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பின்னாளில் இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக வந்தவர் இவரே. அந்த மேடைகளில் நடந்தவற்றுள் பல, காட்சிக்காக முன்பே வகுத்த சண்டைகள். ஆனாலும் அதைச் செய்வதற்கும் ஓர் ஆசானும் ஒரு துணையும் தேவைப்பட்டனர்.

காணொளி கற்பிப்பதும் கற்பிக்காததும்

மகாபாரதத்து ஏகலைவன் துரோணரின் மண்ணுருவத்தை வைத்து வில் கற்றான். நம் பிள்ளைகளின் கைப்பேசித் திரையும் ஒருவகை மண்ணுருவமே. ஏகலைவனால் முடிந்தது, ஏனெனில் இலக்குக்கு வலிக்காது. மற்போரிலோ இலக்கு இன்னொரு பிள்ளை.

முழங்காலை எங்கே வைப்பது, முதுகை எப்படி நிமிர்த்துவது, மற்றொரு காலை எவ்வளவு தள்ளி ஊன்றுவது என்பவற்றைக் காணொளி தெளிவாகக் காட்டும். நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம், மெதுவாக ஓட்டலாம். இதில் அது எந்த ஆசிரியரையும் விஞ்சும். ஆனால் எவ்வளவு பாரம் இறக்குவது என்பதைக் கண்ணால் காண இயலாது. கீழே இருப்பவன் இடுப்பை உயர்த்தப் போகிறான் என்பதை மேலே இருப்பவன் தோலால் உணர வேண்டும். தட்டும் கைக்கும் தப்பிக்கத் துடிக்கும் கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகித்தான் அறிய வேண்டும்.

2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது நாமும் இதைக் கண்டோம். ழகரத்துக்கு நா எங்கே வளையும் என்று படம் வரைந்து திரையில் காட்டினேன். பிள்ளைகள் படத்தைச் சரியாக வரைந்து அனுப்பினார்கள். வகுப்பறைக்குத் திரும்பிய பின்னரே ழகரம் பலர் வாயில் வந்தது.

ஆகவே அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "பிடுங்க வேண்டாம் அம்மா. அவனோடு உட்கார்ந்து அந்தக் காணொளியை நீங்களும் பாருங்கள். தட்டினால் விட வேண்டும் என்பதை அவனையே தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்வம் நிலைத்தால், பாய் விரித்து ஆசான் நிற்கும் வகுப்பில் சேருங்கள். அதுவரை சிமெண்டுத் தரை வேண்டாம்." இரு வாரம் கழித்து மின்தூக்கியில் அச்சிறுவர்களைக் கண்டேன். ஜூடோ வகுப்பில் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். முதல் நாள் முழுவதும் விழுவதற்குத்தான் பயிற்சியாம். "அண்ணன்தான் அதிகம் விழுந்தான் டீச்சர்" என்றான் சின்னவன், பெருமையாக.

சாத்தந்தையாருக்குத் திரும்புகிறேன். அத்தனை நுட்பமாகக் கால்களின் நிலையைச் சொன்ன புலவரின் ஆசை, அதைத் தந்தை காண வேண்டும் என்பதே. தித்தன் கண்டானா என்று பாட்டு சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அறைக்குள் தனித்திருந்து எதை எதையோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், நாம் போய்ப் பார்ப்போம்.