புள்ளியற்ற ஏடு

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது; எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. வீரமாமுனிவரின் (1680–1747) இரட்டைச்சுழிக்கொம்பு பிற்காலத்தது. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. ஆகவே ‘கொல்’, ‘கோல்’ இரண்டும் ஏட்டில் ஒரே தோற்றம் கொள்ளும். கொலையா, கோலா? இரண்டும் நேரசையாதலால் சீர் பிரித்தும் பயனில்லை. அடியெதுகையில் வந்தால் தப்பலாம். மற்றபடி பொருட்சூழலே துணை. வரிவடிவ அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர் முதல் ஏட்டிலேயே திகைப்பது இதனால்தான்.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு, எழுத்தைப் படித்த பின்னும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டே தெளிந்தார்.

ஏட்டுவழி வந்த அச்சுநூலில் பெரும்பாலான புள்ளிகள் பதிப்பாசிரியரின் முடிவுகள். அவற்றை ஏட்டின் நேர்ச்சான்றாகக் கொண்டு ஒலியியல் முடிவுகளுக்கு வரும் ஆய்வாளர், பழந்தமிழை அன்று, பதிப்பாசிரியரின் தமிழறிவையே அளக்கிறார்.