நாய் பிடிக்கும் பணி (சென்னை)

நாய் பிடிக்கும் பணி என்பது மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த கால்நடைப் பிரிவு செய்யும் வேலை. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது இதன் மையம். கால்நடை மருத்துவர், வலைக்காரர்கள், ஓட்டுநர், கூண்டுகளைக் கழுவித் தீனி வைப்பவர் என்று பலர் சேர்ந்து செய்வது இது. சென்னையில் மக்கள் வாயில் மொத்தமும் 'நாய் வண்டி'தான். 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணை அழைத்து வண்டி கேட்பவர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, அந்த நாய் தெருவை விட்டே போய்விட வேண்டும் என்பதை. விதிகள் கேட்பதோ, அது அதே தெருவுக்குத் திரும்பி வரவேண்டும் என்பதை. பணியில் இருப்பவரின் பொழுது இந்த இரண்டுக்கும் நடுவில் கழிகிறது.

கொல்லும் காலம்

இன்றைய வடிவம் வருவதற்கு முன்பு நாய் வண்டி ஏறிய நாய் திரும்பியதில்லை. சென்னை மாநகராட்சி 1860 முதலே தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்ததாக ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் முறை நடைமுறையில் இருந்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம்கூட உள்ளாட்சிகள் தெருநாய்களைக் கொல்வதைக் குற்றப் பட்டியலுக்கு வெளியே வைத்திருந்தது. 1970-களில் கொல்லப்பட்ட நாய்களின் தோல் அவ்வளவு மிகுதியாகக் கிடைத்ததால், சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்து பார்த்தது என்பதும் அவர்கள் தரும் செய்தியே. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. இத்தனைக்கும் பிறகு நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை.

காரணம் எளிய உயிரியல். நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும். ஒரு தெருவில் எத்தனை நாய் வாழலாம் என்பதைத் தீர்மானிப்பவை அங்கு கிடைக்கும் குப்பை, இறைச்சிக்கடைக் கழிவு, வீட்டு மிச்சச் சோறு ஆகியவை. பத்து நாயைக் கொண்டுபோனால், அந்த உணவுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து சேர்கின்றன. அல்லது மிஞ்சியவற்றின் குட்டிகள் வழக்கத்தைவிட அதிகம் பிழைக்கின்றன. வந்த புதிய நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்காது. இடத்துக்காகச் சண்டையும் போடும். ஆகக் கொல்வது, நோய் பரவத் தோதான கூட்டத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்கும் வேலையாகவே முடிந்தது.

1959-இல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தினர் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1964 முதலே கருத்தடை செய்து திரும்ப விடும் முறையை முன்வைத்து வந்தது. அவருடைய மகன் எஸ். சின்னி கிருஷ்ணா இதற்காக மாநகராட்சியோடு வாதாடிய காலம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல். 1996-இல் தென்சென்னையில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நகரம் முழுவதற்கும் இது விரிந்தது. சென்னையில் நடந்ததை ஒட்டியே 2001-இல் மத்திய அரசு நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அவை 2023 மார்ச்சில் புதிய விதிகளாக மாற்றி எழுதப்பட்டன. நாட்டின் விலங்குநல வாரியமும் 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் சென்னையில்தான் பிறந்தது. 2018-இல் அரியானாவுக்கு இடம்பெயர்ந்தது.

பிடித்தல்

நாய் பிடிப்பது பெரும்பாலும் அதிகாலை வேலை. போக்குவரத்து இல்லாத நேரத்தில் நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். விரட்டினால் வண்டிச் சக்கரத்தில் விழாது. பழைய நாளில் கம்பிச் சுருக்கும் இடுக்கியும் பயன்பட்டன. இப்போதைய விதிகள் இடுக்கியையும் கம்பியையும் தடுத்து, வலையையோ கையையோ பயன்படுத்தச் சொல்கின்றன. நீண்ட கைப்பிடி வைத்த வளைய வலைதான் வழக்கமான கருவி. ஒருவர் நாயின் கவனத்தை ஒரு பக்கம் இழுக்க, மற்றவர் பின்னாலிருந்து வலையைக் கவிழ்ப்பார். கவிழ்த்த பின் வலையைத் தரையோடு அழுத்தி, வாயை முறுக்கி மூடித் தூக்க வேண்டும். இதில் தாமதித்தால் நாய் வலைக்குள்ளேயே தன்னைக் கடித்துக் காயப்படுத்திக்கொள்ளும். ஆளைக் கடிப்பதும் அந்த நொடியில்தான் நடக்கும்.

ஒரு முறை வலைக்குள் போய் வந்த நாய் வண்டியின் சத்தத்தை மறப்பதில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அது குரைத்துக்கொண்டு காணாமற்போகும். கூடவே இன்னும் பிடிபடாத நாய்களையும் கிளப்பிவிடும். அதனால் அனுபவமுள்ள குழு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துபோகும். தெருவில் தினமும் சோறு வைப்பவரின் தயவு கிடைத்துவிட்டால் வலையே வேண்டாம். அவர் கூப்பிட, நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதே சோறு வைப்பவர் கோபம் கொண்டால் ஒரு நாயும் கிடைக்காது. தெருமக்களோடு பேசத் தெரிந்த ஆள் ஒருவர் குழுவில் இருப்பது இரண்டு வலைகளுக்குச் சமம் என்றே சொல்லலாம்.

எதைப் பிடிக்கக் கூடாது என்று பார்க்கவும் கண் வேண்டும். பால் சுரந்து மடி தொங்கும் பெட்டையைப் பிடித்தால் எங்கோ மறைவில் குட்டிகள் பட்டினியில் சாகும். காதின் ஓரத்தில் 'வி' வடிவத்தில் வெட்டு இருந்தால் அது ஏற்கெனவே அறுவை முடித்த நாய். தடுப்பூசியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் ஒழிய அதை ஏற்றுவதில் பயனில்லை. ஒரு பகுதியில் பிடித்த நாய்களை வேறு பகுதி நாய்களோடு ஒரே கூண்டில் கலக்கக் கூடாது. பிடித்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை அப்போதே எழுதி, நாயின் கழுத்தில் எண் மாட்ட வேண்டும். மொத்தப் பணியிலும் முக்கியமான எழுத்துவேலை இதுதான். இந்த எண் தவறினால், மாம்பலத்து நாய் மடிப்பாக்கத்தில் இறங்கும். தெரியாத இடத்தில் விடப்பட்ட நாய் அங்குள்ளவற்றிடம் கடிபட்டே பாதி செத்துப்போகும். பிழைத்தால் ஊர் திரும்ப முயன்று சாலையில் அடிபடும். கொல்லும் முறை சட்டத்தில் ஒழிந்த பிறகும், கவனமில்லாத பதிவேடு அதே விளைவைத் தந்துவிட முடியும்.

மையத்தில்

புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம், சோழிங்கநல்லூர் ஆகிய இடங்களில் மாநகராட்சிக்குக் கருத்தடை மையங்கள் உண்டு. வந்த நாயை முதலில் பட்டினி போட்டு, மயக்க ஊசி தந்து, பெட்டைக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும், கடுவனுக்கு விதைகளையும் அகற்றுகிறார்கள். மயக்கம் தெளிவதற்குள் காதில் வெட்டும் தடுப்பூசியும் முடிந்துவிடும். காயம் ஆறும்வரை சில நாள் கூண்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அறுவைக்கு இத்தனை ரூபாய் என்று தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் தரும் ஊர்களில், நீக்கிய உறுப்புகளைத் திரவத்தில் போட்டு வைத்து, கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்த்த பிறகே பட்டியல் பாஸ் ஆகும். கேட்க அருவருப்பாக இருந்தாலும், செய்யாத அறுவைக்குக் கணக்கெழுதுவதைத் தடுக்க இதைவிட உறுதியான ரசீது இன்னும் வரவில்லை.

சோதனை எல்லாம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒரு பகுதி நாய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால்தான் ரேபிஸ் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. கிராமமும் ஏரிக்கரையுமாக இருந்த புறநகர்கள் தம் நாய்களோடு நகரத்துக்குள் வந்தன. கூண்டும் மருத்துவரும் அந்த வேகத்தில் பெருகவில்லை. 2018 கணக்கெடுப்பில் ஐம்பத்தேழாயிரத்தைச் சுற்றி இருந்த தெருநாய் எண்ணிக்கை 2024-இல் 1.8 லட்சத்தைத் தொட்டது. அவற்றில் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணிய முறைகள் வேறாக இருந்தாலும், பணி பின்தங்கியிருப்பதை மறைக்க முடியாது. கருத்தடைத் திட்டமே தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அது முழு அளவில் எப்போதாவது நடந்ததா என்பது.

கடியும் ஊசியும்

தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸால் 43 பேர் இறந்தனர். அறிகுறி தோன்றிய ரேபிஸுக்கு மருந்தில்லை. எனவே நாய் பிடிப்பவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயமாக இருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால், கடிபட்ட நாளிலும் மூன்றாம் நாளிலும் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசி தேவையில்லை. முதல் மருந்து எப்போதும் ஓடும் தண்ணீரும் சோப்பும்தான்: பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். தமிழகத்துக்கும் இந்தத் தடுப்பூசிக்கும் பழைய உறவு. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்ததை அடுத்து எழுந்த முயற்சியால், 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.

வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் நாயைப் பிடிக்கும் அழைப்புதான் மிக ஆபத்தானது. எல்லா வெறிநாயும் நுரை தள்ளிக்கொண்டு துரத்துவதில்லை. தாடை தொங்கி, எச்சில் ஒழுக, மூலையில் சுருண்டு கிடப்பதும் ரேபிஸே. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்களுக்குத் தொற்று போவது இப்படித்தான். மருத்துவர் பார்த்து உறுதியாகச் சந்தேகித்தால் அந்த நாயைத் தனியே அடைத்து வைக்க வேண்டும். பொதுவாகப் பத்து நாளுக்குள் அது தானாகவே இறந்துவிடும்.

பணியாளர் நிலை

வலையைத் தூக்குபவர்கள் பல உள்ளாட்சிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டார் "ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று கத்துவார், எதிர்வீட்டார் "பாவம், அதை ஏன் புடிக்கிறீங்க?" என்று கைப்பேசியில் படமெடுப்பார். அறுவை முடிந்து நாயை இறக்கிவிடும் அன்று முதலாமவர் மறுபடியும் வருவார், இன்னும் கோபமாக. விதியைச் சொல்லி விளக்க வேண்டியவர், அந்த விதியை எழுதியவர் அல்ல, மிகக் குறைந்த கூலிக்கு வலையோடு நிற்பவர். படித்த நகரவாசிகள்கூட இந்தத் தொழிலின் பெயரை ஏளனச் சொல்லாகப் பயன்படுத்துவது, உயிர்காக்கும் சுகாதார வேலை எது என்பது பற்றிய நம் கணக்கைக் காட்டுகிறது.

மாடும் பிறவும்

அதே கால்நடைப் பிரிவுதான் சாலையில் திரியும் மாடுகளையும் பிடிக்கிறது. பெரம்பூர், புதுப்பேட்டை தொழுவங்களில் அடைத்து, உரிமையாளரிடம் அபராதம் வாங்குகிறது. இந்த அதிகாரத்தின் வேர் 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி முடிந்து திரும்பிய சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சி பரவிய பிறகு அபராதம் உயர்ந்தது. செல்லப்பிராணி உரிமமும் இறைச்சிக்கூடக் கண்காணிப்பும் இதே அலுவலகத்தின் மேசையில்தான். பாம்பும் குரங்கும் இவர்கள் பொறுப்பல்ல; அவற்றுக்குத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும்.

2025 முதல்

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவும் திரும்ப விடக் கூடாதென்றும் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்தில் விட அனுமதித்தது. வார்டுதோறும் சோறு வைக்கத் தனியிடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7-ஆம் நாள் உத்தரவு நாடு முழுவதற்குமானது: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிபடும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும். கழுத்தில் மாட்டிய எண்ணுக்கு எதிரே எழுதிய இடம், இப்போது சில நாய்களுக்குத் திரும்ப வேண்டிய இடம், சில நாய்களுக்குத் திரும்பக் கூடாத இடம். அறுவைக்குச் சில நாள் வைத்திருக்கக் கட்டிய கூண்டுகளில் ஆயுள் முழுக்க நாய்களை வைக்க முடியாது என்பதால், உள்ளாட்சிகள் காப்பகத்துக்கு நிலமும், தினசரித் தீனிக்கும் பராமரிப்புக்கும் ஆளும் தேட வேண்டியதாயிற்று.