லோகேஷ் கனகராஜின் இணைந்த கதையுலகம்: திருச்சி, ஸ்ரீரங்கத் தொடர்புகள்

ரசிகர்கள் எல்.சி.யு. என்று சுருக்கி அழைக்கும் லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ், இயக்குநர் லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) ஆகிய மூன்று படங்களும் சேர்ந்து உருவாக்கிய கதையுலகம். ஒரு படத்தின் பாத்திரங்கள் இன்னொரு படத்துக்குள் வந்துபோவதும், ஒன்றில் நடந்த குற்றத்தின் விளைவு மற்றொன்றில் தொடர்வதும் இதன் அடையாளங்கள். இதன் முதல் படக் கதை நடக்கும் நகரம் திருச்சிராப்பள்ளி. இரண்டாம் படத்தின் நாயகனான உளவாளி விக்ரம், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவின் எழுத்தில் 1986இல் பிறந்தவன். காவிரியின் இரு கரைகளிலிருந்தும் இந்தக் கதையுலகத்துக்கு ஒவ்வொரு வேர் உண்டு.

பின்னணி

தனித்தனிக் கதைகளின் நாயகர்களை ஒரே உலகத்தில் வாழவிடும் முறையை அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்கள் 1940களிலேயே கையாண்டன. திரையில் அதைப் பெரிய அளவில் நிலைநிறுத்தியது மார்வெல் நிறுவனம். 2008இல் வெளியான ‘அயர்ன் மேன்’ படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு வந்த சிறு காட்சியில், நிக் ஃப்யூரி என்ற அதிகாரி நாயகனின் வீட்டுக்கே வந்து, இவனைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று உணர்த்திவிட்டுப் போனார். அந்தக் காட்சியின் தொடர்ச்சியாக நாயகர்கள் பலர் 2012இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் ஒன்றுகூடினார்கள்.

தொலைக்காட்சியும் இதில் சேர்ந்துகொண்டது. ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடர் 2013இல் தொடங்கியது. 2014இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ படத்தில் நிக் ஃப்யூரியின் ஷீல்ட் அமைப்பே உள்ளிருந்து உடைந்தது, படம் வந்த சில நாட்களிலேயே தொடரின் கதையும் அதற்கேற்பத் திரும்பியது. 2021இல் வெளியான ‘வாண்டாவிஷன்’ தொடரில் வாண்டா அனுபவித்த துயரம், 2022இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அவள் செய்யும் காரியங்களுக்குக் காரணமாக அமைந்தது. தொடரைப் பார்க்காமல் படத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. இணைந்த உலகத்தின் பலமும் சுமையும் இந்த ஒரு உதாரணத்திலேயே தெரியும்.

இந்தியில் ‘ஏக் தா டைகர்’ (2012), ‘வார்’ (2019), ‘பதான்’ (2023) ஆகியவற்றை யஷ்ராஜ் நிறுவனம் ஒரே உளவாளி உலகமாக இணைத்தது. எல்.சி.யு.வின் நாயகர்களும் இந்த உளவாளிகளைப் போலவே அமானுஷ்ய சக்தி இல்லாத மனிதர்கள். சிறை மீண்ட கைதி, ஓய்வுபெற வேண்டிய வயதிலுள்ள உளவாளி, காபி கடை நடத்தும் குடும்பத் தலைவர் ஆகியோரே இதன் மையம்.

திருச்சி: ‘கைதி’

2019 அக்டோபர் 25 அன்று தீபாவளி வெளியீடாக வந்த ‘கைதி’யின் கதை ஒரே இரவில் நடந்து முடிகிறது. காவல் அதிகாரி பிஜாய் (நரேன்) தலைமையிலான குழு பெருமளவு போதைப்பொருளைக் கைப்பற்றி, திருச்சி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் ரகசிய நிலவறையில் மறைத்துவைக்கிறது. அன்றிரவு விருந்தில் மதுவில் நஞ்சு கலக்கப்பட, உயர் அதிகாரிகள் மயங்கிச் சாய்கிறார்கள். அவர்களை லாரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக, பத்தாண்டுச் சிறைவாசம் முடிந்து மகளை முதன்முதலாகப் பார்க்கக் கிளம்பிய டில்லியை (கார்த்தி) பிஜாய் கட்டாயப்படுத்துகிறார். சமையல் வேலைக்கு வந்த காமாட்சி (தீனா) வழித்துணையாகிறார்.

மறுபக்கம், அன்பு (அர்ஜுன் தாஸ்) தன் அண்ணன் அடைக்கலத்தையும் சரக்கையும் மீட்க ஆட்களைத் திரட்டி கமிஷனர் அலுவலகத்தை முற்றுகையிடுகிறான். உள்ளே இருப்பவர்களில் காவல்துறையைச் சேர்ந்தவர், இடமாற்றலாகி வந்து அன்றுதான் பொறுப்பேற்கும் கான்ஸ்டபிள் நெப்போலியன் (ஜார்ஜ் மரியான்). அவருக்குத் துணை, வேறொரு சில்லறை வழக்கில் பிடித்துவைக்கப்பட்ட கல்லூரி மாணவர்கள் சிலர். கதவுகளை அடைத்து, கைக்குக் கிடைத்த சாமான்களை முட்டுக்கொடுத்து அவர்கள் விடியும்வரை அந்தக் கட்டடத்தைக் காக்கிறார்கள். படத்தில் கதாநாயகி கிடையாது, புதிய பாடல்கள் கிடையாது. ஒளிப்பதிவு சத்யன் சூரியன், இசை சாம் சி.எஸ்., படத்தொகுப்பு பிலோமின் ராஜ். அஜய் தேவ்கன் இதை 2023இல் ‘போலா’ என்ற பெயரில் இந்தியில் எடுத்தார்.

பின்னால் வந்த படங்களுக்குத் தேவையான எல்லாவற்றையும் ‘கைதி’ கொடுத்துவிட்டது: கைப்பற்றப்பட்ட சரக்கு, பழிவாங்கக் காத்திருக்கும் கும்பல், விசாரிக்கும் அதிகாரி, முடிவில் டில்லியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளும் அடைக்கலம். டில்லியின் பழைய வாழ்க்கையைப் படம் முழுதாகச் சொல்லாமலே விட்டது. அந்த இடைவெளிதான் அடுத்த கதைகளுக்கு இடம் கொடுத்தது.

ஸ்ரீரங்கம்: சுஜாதா

எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட சுஜாதா 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். அங்கே உயர்நிலைப் பள்ளியிலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தார். திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய ‘சிவாஜி’ பத்திரிகையில் 1953இல் அவருடைய முதல் கதை வெளியானது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார். 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார்.

இணைந்த கதையுலகம் என்ற முறைக்குத் தமிழ் வாசகர்களைப் பழக்கியவர்களில் சுஜாதாவுக்குத் தனி இடம் உண்டு. 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் வக்கீல் கணேஷ் அறிமுகமானான். அவனுடைய ஜூனியர் வசந்த் ‘ப்ரியா’வில் வந்து சேர்ந்தான். அதன் பிறகு இருவரும் பத்திரிகை விட்டுப் பத்திரிகை, கதை விட்டுக் கதை நடமாடினார்கள். வாசகர் எந்தத் தொடர்கதையைப் பிரித்தாலும் கணேஷின் நிதானமும் வசந்தின் குறும்பும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வழக்கு மட்டுமே. கணேஷ் திரைக்கும் போனான். ‘காயத்ரி’யில் (1977) ஜெய்சங்கரும், ‘ப்ரியா’வில் (1978) ரஜினிகாந்தும் அந்த வேடத்தை ஏற்றார்கள். ஆனால் அந்த இரண்டு படங்களும் ஒன்றையொன்று அறியாதவை. இணைப்பு அச்சில் இருந்தது. திரைக்கு அது வர இன்னும் காலம் பிடித்தது.

தொலைக்காட்சி பக்கம், ‘என் இனிய இயந்திரா’ நாவல் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ நாவலில் மையப் பாத்திரமானது. கீழச்சித்திரை வீதியையும் அதன் மனிதர்களையும் வைத்து எழுதிய ஸ்ரீரங்கத்துக் கதைகளிலும் இதே முறைதான். ஒரு கதையில் ஓரமாக நின்றவர் இன்னொன்றில் நடுவுக்கு வருவார். ரங்குவின் கடை எல்லாக் கதைகளுக்கும் பொதுவான சந்திப்பிடம். சாகசம் எதுவும் இல்லாமல், ஒரு வீதியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கட்டிய இணைந்த உலகம் இது.

‘விக்ரம்’, 1986

கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனம் தயாரித்து, ராஜசேகர் இயக்கிய ‘விக்ரம்’ 1986இல் வெளியானது. கதை சுஜாதாவுடையது, அது குமுதத்தில் தொடர்கதையாகவும் வந்தது. கடத்தப்பட்ட ‘அக்னிபுத்திரா’ ஏவுகணையை மீட்க உளவாளி விக்ரம் அனுப்பப்படுகிறான். சுகிர்தராஜாவாக சத்யராஜ் வில்லன் வேடம் ஏற்றார், இசை இளையராஜா. கம்ப்யூட்டரும் ஏவுகணையும் தமிழ்ப் படக் கதைகளில் அரிதாக இருந்த காலத்தில், பொறியாளரான எழுத்தாளர் கொண்டுவந்த விஷயங்கள் இவை.

‘விக்ரம்’, 2022

36 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 3 அன்று, அதே ராஜ்கமல் தயாரிப்பில், அதே பெயரில் லோகேஷின் படம் வந்தது. பழைய ஏவுகணைக் கதை தொடரவில்லை. விக்ரம் வயது முதிர்ந்து, கர்ணன் என்ற வேறு பெயரில் மறைந்து வாழ்பவனாகத் திரும்பினான். வெளியீட்டுக்கு முன்னதாக, ‘கைதி’யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரசிகர்களை லோகேஷ் கேட்டுக்கொண்டார். தனித்தனியாக இருந்த இரண்டு படங்களும் ஒரே உலகம் என்பது அதோடு வெளிப்படையானது.

பிஜாய் இதில் விக்ரமின் அணியில் இருக்கிறார். சந்தனம் (விஜய் சேதுபதி) தேடும் சரக்கு, போதைப்பொருள் வலைப்பின்னலின் இன்னொரு கண்ணி. அமர் (ஃபகத் ஃபாசில்) புலனாய்வு செய்யும் அதிகாரி. கடைசிக் காட்சியில் அந்த வலைப்பின்னலின் தலைவன் ரோலெக்ஸ் (சூர்யா) கூட்டும் கூட்டத்தில் அடைக்கலமும் அன்பும் வந்து நின்று டில்லியைப் பற்றிச் சொல்கிறார்கள். கார்த்தி முகம் காட்டவில்லை. டில்லியின் குரல் மட்டும் கேட்கிறது. திருச்சியில் ஒரே இரவில் முடிந்ததாகத் தோன்றிய வழக்கு, இன்னும் பெரிய வலையின் ஒரு பகுதி என்பதை இந்தக் காட்சி நிறுவியது.

‘லியோ’, 2023

2023 அக்டோபர் 19 அன்று வெளியான ‘லியோ’ தமிழ்நாட்டை விட்டு இமாச்சலப் பிரதேசத்தின் தியோக் நகருக்குப் போனது. 2005ஆம் ஆண்டின் ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ படத்தின் தாக்கத்தில் உருவான கதை இது. காபி கடை நடத்தும் பார்த்திபன் (விஜய்), தாஸ் குடும்பத்தின் லியோதானா என்பதே இதன் கேள்வி. சஞ்சய் தத்தும் அர்ஜுனும் தாஸ் சகோதரர்களாக வருகிறார்கள்.

பழைய உலகத்துடன் இதை இணைப்பவர் நெப்போலியன். திருச்சி கமிஷனர் அலுவலகத்தைக் காத்த அதே கான்ஸ்டபிள் இங்கே பார்த்திபனுக்குத் துணை நிற்கிறார். முடிவில் தொலைபேசியில் விக்ரமின் குரல் வருகிறது. மூன்று நட்சத்திர நாயகர்கள் உள்ள வரிசையில், திருச்சியையும் இமயமலை அடிவாரத்தையும் நேரடியாகச் சேர்ப்பவர் கடைநிலைக் காவலர் ஒருவர் என்பது லோகேஷின் நல்ல தேர்வு.

இணைப்பு முறைகள்

மூன்று படங்களையும் சேர்க்கும் முறைகள் நான்கு. முதலாவது, துணைப் பாத்திரங்கள்: பிஜாய், நெப்போலியன், அடைக்கலம், அன்பு ஆகியோர் படம் விட்டுப் படம் செல்கிறார்கள். இரண்டாவது, குரல்: நாயகர்களை நேரில் கொண்டுவராமல் குரலால் மட்டும் உணர்த்துவது. மூன்றாவது, பொதுவான குற்றம்: எல்லாக் கதைகளிலும் போதைப்பொருள் வணிகமே எதிரி. நான்காவது, இரவு வெளிச்சம், பழைய பாடல்கள், கனரகத் துப்பாக்கி என்று திரும்பத் திரும்ப வரும் காட்சிமொழி.

நடிகர்களின் முகம் இந்த உலகத்துக்கு ஓர் எல்லை வகுக்கிறது. ‘மாஸ்டர்’ (2021) லோகேஷின் படம்தான், ஆனால் இதில் சேராது. அதில் பவானியாக வந்த விஜய் சேதுபதி ‘விக்ரம்’ படத்தில் சந்தனம், ஜே.டி.யாக வந்த விஜய் ‘லியோ’வில் பார்த்திபன். ‘மாநகரம்’ (2017), ‘கூலி’ (2025) ஆகியவையும் தனிக் கதைகளே.

தயாரிப்பு முறையிலும் வேறுபாடு உண்டு. மார்வெல் உலகத்தின் கடிவாளம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ‘கைதி’யோ ட்ரீம் வாரியர் பிக்சர்ஸ், ‘விக்ரம்’ ராஜ்கமல், ‘லியோ’ செவன் ஸ்கிரீன் ஸ்டுடியோ எனத் தனித்தனி நிறுவனங்களின் தயாரிப்பு. இவர்களை இணைத்தது இயக்குநரின் கதை. ஒருவர் படத்தின் பாத்திரம் மற்றவர் படத்தில் வருவதற்குத் தயாரிப்பாளர்களின் பரஸ்பர இசைவு வேண்டும். அந்த இசைவு கிடைத்தது தமிழ்த் திரைத்துறைக்குப் பெருமை தரும் செய்தி.

‘கைதி 2’ அறிவிக்கப்பட்டுள்ளது. லோகேஷின் கதையில் பாக்கியராஜ் கண்ணன் இயக்க, ராகவா லாரன்ஸ் நடிக்கும் ‘பென்ஸ்’ படமும் இந்த வரிசையில் அறிவிக்கப்பட்டது. கதையுலகின் தொடக்கத்தைச் சொல்லும் குறும்படம் 2024இல் அறிவிக்கப்பட்டது.

பழைய மரபு

ஒரு கதையின் மாந்தர் இன்னொரு கதைக்குள் வருவது திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் புதிதல்ல. ராமன் கொடுத்த ரங்க விமானத்தை இலங்கைக்குக் கொண்டுபோன விபீஷணன், காவிரிக் கரையில் அதைச் சிறுவன் ஒருவனிடம் கொடுக்க, அவன் கீழே வைத்துவிட்டு மலைக்கோட்டை உச்சிக்கு ஓடினான் என்கிறது தலபுராணம். அந்தச் சிறுவனே உச்சிப்பிள்ளையார். ராமாயணத்தின் விபீஷணனும் சிவன் மகன் விநாயகரும் சந்திக்கும் இந்தக் கதை, ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் ஒரே உலகமாக்குகிறது.

கம்பர் தம் ராமாயணத்தை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. தாயார் சன்னதி அருகே அதன் நினைவாகக் கம்பர் மண்டபம் உள்ளது. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை விபீஷணன் வாயிலாகக் கம்பர் சேர்த்தார். ஓர் அவதாரத்தின் கதைக்குள் இன்னோர் அவதாரத்தின் கதை வந்ததை அறிஞர்கள் மறுக்க, அங்குள்ள நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றார் என்று செவிவழிக் கதை சொல்கிறது.

மதிப்பீடு

எல்.சி.யு. பற்றிய பேச்சு பெரும்பாலும் மார்வெலோடு ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறது. வணிக உத்தி அங்கிருந்து வந்தது உண்மை. ஆனால் தமிழ்ப் பார்வையாளர்கள் அதைத் தயக்கமின்றி ஏற்றதற்குக் காரணம், தெரிந்த பாத்திரம் புதிய கதையில் வருவதை இதிகாசத்திலும் தலபுராணத்திலும் வாரப் பத்திரிகையிலும் தலைமுறைகளாக ரசித்த பழக்கம். அந்தப் பழக்கத்தை நவீனத் தமிழில் வளர்த்தவர்களின் முன்வரிசையில் சுஜாதா இருக்கிறார். அவர் உருவாக்கிய விக்ரம், அவர் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு, திருச்சியில் தொடங்கிய ஒரு வழக்கின் மறுமுனையில் வந்து நின்றான். இந்தக் கதையுலகத்தின் வரலாற்றை யார் எழுதினாலும், அதன் முதல் பக்கத்தில் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் பெயர் இடம்பெற வேண்டும்.