சத்துணவுக்கூடம் முதல் மாலை வகுப்பு வரை

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சமையல் வேலையில் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. சோற்றை நம்பிப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். சமைத்தவர்களோ முறையான காலமுறை ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்க 12ஆம் வகுப்பும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதி. ஏறத்தாழ 2 லட்சம் பேர் கற்பித்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் தாய் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்வரை பிள்ளையை உட்காரவைத்துப் படிப்பிக்க ஆள் வேண்டும். பக்கத்துத் தெருப் பெண் அதைச் செய்தார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். அரசுக் கணக்கில் அது ஊக்கத்தொகை, அவர் தன்னார்வலர்.

ஏறக்குறைய 40 ஆண்டுகளில் பெண்கள் அடுப்படியிலிருந்து கரும்பலகைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய உழைப்பைச் சேவை என்று சொல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை. பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தை அளக்கும் அரசு, அதற்குப் பின்னால் இருக்கும் பெண்களின் நேரத்தையும் வேலையாக எண்ணிக் கூலி தர வேண்டும்.