எதிர்வீட்டு ஹோலிச்சா சண்

தாணேயில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு மார்ச் மாதம் தட்டில் போளியும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். "இன்றைக்கு எங்களுக்கு ஹோலிச்சா சண்" என்றார். சண் என்றால் மராத்தியில் பண்டிகை. ஆனால் அவர்கள் யூதர்களாயிற்றே, யூதருக்கு ஏது ஹோலி? குழம்பிப்போய்த் தேடிப் படித்தேன்.

அது பூரிம் பண்டிகை. பாரசீக மந்திரி ஆமான் யூதர்களை அழிக்கப் போட்ட திட்டத்தை எஸ்தர் ராணி முறியடித்த கதை பைபிளில் இருக்கிறது. அந்த நாளில் ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். இரண்டு ஏழைகளுக்காவது தர்மம் செய்ய வேண்டும். விருப்பப்பட்டால் செய்வதல்ல, கட்டளை. ஐரோப்பிய யூதர்கள் கசகசா பூரணம் வைத்து முக்கோண பிஸ்கட் சுடுவார்கள். கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் சுடுவது பூரண் போளி. கடலைப்பருப்பு, வெல்லம், ஏலக்காய். அட, நம்ம போளிதான்!

கொங்கண் கிராமங்களில் இவர்கள் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கைத் தொட மாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'ஷன்வார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர். 18ஆம் நூற்றாண்டில் பம்பாய்க்கு வரத் தொடங்கி, 1796இல் அங்கே முதல் ஜெப ஆலயம் கட்டினார்கள். பூரிம் பெரும்பாலும் ஹோலியை ஒட்டியே வரும். பேச்சு மராத்தி, பண்டிகைப் பெயர் மராத்தி, பலகாரமும் மராத்தி. சனிக்கிழமை ஓய்வை மட்டும் விடவில்லை. இறைச்சியோடு பால் சேர்க்கக் கூடாது என்பதால் சமையலில் தேங்காய்ப்பால் ஊற்றினார்கள்.

1948இல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியது சில ஆயிரம் பேர். "முன்பெல்லாம் இந்தக் கட்டடத்திலேயே ஆறு வீட்டுக்குத் தட்டு போகும். இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. செய்த கை சும்மா இருக்குமா, அதுதான் உனக்கு" என்றார் ஆன்ட்டி.

என் பெண்ணுக்கு மராத்தி சரளம், தமிழ் தடுமாற்றம். அது எனக்கு ஓயாத கவலை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று இந்த வாணியர்கள் எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்கள். எனக்கு இன்னும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்பாள் அம்மா. சர்க்கரை போட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். உங்கள் வீட்டில் எதை விடாமல் வைத்திருக்கிறீர்கள்?