காற்றை ஏய்த்த வண்டியும் அதன் டயர்களும்

போன மாதம் பிரான்சிலிருந்து என் அக்காள் மகன் போன் செய்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவன், துலூஸ் பக்கம் குடியிருக்கிறான். முதுகுவலி வந்தபிறகு சாதாரண சைக்கிளை விட்டுவிட்டு, ஈஸிசேரில் சாய்ந்தபடி காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று.

"மாமா, கூட வர்றவங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போயிடறாங்க. எந்த டயர் போட்டா வேகமா போகும்?"

டயர் கடையில் கேட்க வேண்டிய கேள்வியை ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் கேட்டால் பதிலுக்கு வரலாறுதான் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்ததால், அந்த ஊர்ச் சைக்கிள் சமாச்சாரங்களைப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

காற்றடைத்த டயர் பிறந்ததே ஒரு மூன்று சக்கர வண்டிக்காகத்தான். பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப்பின் சிறுவயது மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். கெட்டி ரப்பர் சக்கரம் கல்பாவிய தெருவில் கடகடவென்று உதறும். டன்லப் ஒரு மரச் சக்கரத்தின் மேல் ரப்பர் குழாயைச் சுற்றி, துணியால் மூடி, காற்றடைத்தார். அதையும் பழைய கெட்டி ரப்பர் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசி வரை ஓடி முட்டித் திரும்பியது. 1888இல் காப்புரிமை வாங்கினார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பழைய கோப்பைப் புரட்டாமல் புதுக் கோப்பு திறப்பது நம் அலுவலகங்களில் மட்டும் நடப்பதல்ல!

மகனுக்கு உதறல் இல்லாத சவாரி கிடைக்கவேண்டும் என்று செய்தது வேகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. 1889 மே மாதம் பெல்பாஸ்ட் கல்லூரிப் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்பவர் அந்தத் தடித்த டயரோடு வந்து நின்றபோது கூட்டம் சிரித்ததாம். போட்டி முடிந்தபின் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, பசை காய ஒரு இரவு காத்திருக்கவேண்டும். கிளெர்மோன்-ஃபெரான் ஊர் மிஷ்லேன் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்து 1891இல் காப்புரிமை பெற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு முதலாவதாக வந்தார். மறு ஆண்டு மிஷ்லேன் தாங்களே ஒரு பந்தயம் நடத்தி, பஞ்சர் ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்காகச் சாலையில் ஆணிகளைத் தூவிவைத்தார்கள். நம்மூர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் மேல் இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. பிரான்சில் கம்பெனியே செய்தது.

இனி சாய்ந்து ஓட்டும் வண்டிக்கு வருகிறேன். இதுவும் ஒரு தகப்பன் மகனுக்காகச் செய்ததில் தொடங்கியதுதான். பாரிஸை ஒட்டிய புய்த்தோ ஊரில் ஷார்ல் மோஷே, மகன் ழோர்ழுக்கு இரண்டு சக்கரச் சைக்கிள் ஆபத்து என்று, மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி செய்து கொடுத்தார். பையன் சைக்கிள்காரர்களைத் தாண்டிப் போனான். அதுவே வெலோகார் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு அந்த வண்டியை நீளவாட்டில் பாதியாக வெட்டியதுபோல், சிறிய சக்கரங்களோடு இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிளையும் செய்தார்.

அதில் ஏறியவர் பிரான்சிஸ் ஃபோர். முதல் வரிசை வீரர் அல்ல, இரண்டாம் வரிசை. 1933 ஜூலை 7 அன்று பாரிஸ் ஓட்டக்களத்தில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். 1914இல் சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் வைத்த 44.247 கிலோமீட்டர் பத்தொன்பது வருடம் அசையாமல் நின்ற சாதனை. அது அன்று உடைந்தது.

உடைந்ததும் கேள்வி எழுந்தது: இது சைக்கிளா? சர்வதேச சைக்கிள் சங்கம் 1934இல் கூடி, சைக்கிள் என்றால் இன்னது என்று விதி எழுதியது. மிதிகட்டை அச்சு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், இருக்கை அதற்கு எவ்வளவு பின்னால் என்றெல்லாம் அளவு குறித்தார்கள். ஃபோரின் வண்டி அந்த அளவுக்கு வெளியே போயிற்று. 1933 ஆகஸ்ட் கடைசியில், சாதாரண சைக்கிளில் மோரிஸ் ரிஷார் ஓடிய 44.777 கிலோமீட்டர்தான் சாதனை என்று பதிவாயிற்று. நானும் என் உத்தியோகத்தில் எத்தனையோ விளக்கக் குறிப்புகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு வரி வரையறை ஒரு மனிதனின் பத்து வருட உழைப்பை வாசலுக்கு வெளியே நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். மோஷே அதே 1934இல் காலமானார். ஃபோர் விடவில்லை. 1939இல் கூடு மூடிய வெலோகாரில் ஒரு மணிக்கு 50.537 கிலோமீட்டர் ஓடிக் காட்டினார்.

அந்தத் தீர்ப்பு டயரையும் பாதித்தது என்பது என் எண்ணம். பந்தயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நல்ல டயர் பிறக்கும். பந்தயம் பெரிய சக்கரத்துக்கு மட்டும் என்றான பிறகு, சின்னச் சக்கர டயர் குழந்தைகள் வண்டிக்கும் சாமான் வண்டிக்கும் என்று ஒதுங்கிவிட்டது. 1962இல் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்டன் 16 அங்குலச் சக்கரத்தில், காற்றழுத்தம் அதிகமான டயர் போட்டு, சின்னச் சக்கரமும் ஓடும் என்று காட்டினார். எழுபதுகளில் கலிபோர்னியாவில் பேராசிரியர் செஸ்டர் கைல் சைக்கிளை மிதிக்காமல் உருளவிட்டு, காற்று எவ்வளவு தடுக்கிறது, டயர் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். 1975இல் அவர்கள் நடத்திய பந்தயத்தில் சாய்வு வண்டிக்கும் இடம் கிடைத்தது.

இந்த இரண்டு தடையையும் பிரித்துப் பார்த்தால்தான் மருமகன் கேள்விக்கு விடை. நிமிர்ந்து ஓட்டுபவனின் உழைப்பில் பெரும்பங்கு எதிர்க்காற்றுக்குப் போகிறது. சாய்ந்து ஓட்டுபவன் காற்றை ஏய்த்துவிடுகிறான். மிச்சம் இருக்கும் தடையில் டயரின் பங்கு பெரிதாகத் தெரியும். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி மறுபடி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்புவதில்லை, கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. சக்கரம் சின்னதானால் நசுங்கல் கூடும். அதனால் மெல்லிய, நெகிழ்வான துணிக்கட்டு உள்ள டயர் வேகம். முள் குத்தாமல் இருக்க உள்ளே தடித்த பட்டை வைத்த டயர் மந்தம். ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரைவிட அகல டயரே லேசாக உருளும். இதைச் சேன்-எத்தியேனின் 'வெலோசியோ', அதாவது போல் தெ விவி, 50 சென்டிமீட்டர் சக்கரத்தில் அகல டயர் போட்டு ஓட்டி அந்தக் காலத்திலேயே எழுதினார், அதிகம் பேர் காதில் விழவில்லை. கல்லாக அடித்த காற்றும் கரடுமுரடான சாலையில் வேகம் தராது, உடம்பைத்தான் உதறும்.

அவனுக்குச் சொன்னது இதுதான்: முன் இரண்டுக்கும் வழவழப்பான மெல்லிய டயர் போடு. பின் சக்கரத்தைக் கழற்றுவது தொல்லை, அதற்கு முள் தாங்குகிற டயரே இருக்கட்டும். ஆனால் வாங்குவதற்கு முன் முன்சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று அளந்து பார். கோணலாக நின்றால் எந்த டயரானாலும் தரையில் தேய்த்துக்கொண்டேதான் போகும்.

போன ஞாயிறு மறுபடி போன் வந்தது. ஒரு குச்சியை வைத்து அளந்தானாம். சக்கரங்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். சரிசெய்துவிட்டான்.

"டயர் வாங்கலையா?" என்று கேட்டேன்.

"அது அன்னிக்கே வாங்கிட்டேன் மாமா" என்றான்.