செவியருகே வந்த வானொலி



சென்ற தவணையில் மாணவன் ஒருவன் தான் புதிதாக வாங்கிய ஹெட்போன் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். விலை சொற்பம், முழக்கமோ பெரிது. ஆயினும் ஒரு மாதத்திற்குள் அதன் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. "நல்லதை எப்படிப் பார்த்து வாங்குவது, சேர்?" என்று கேட்டான். அதற்கு விடை கூறுமுன், அக்கருவி நம் செவிக்கு வந்த வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நத்தானியேல் போல்ட்வின் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்து வந்தார். 1910 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை அவற்றை வாங்க முன்வந்தது. கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைத் தவறாமற் பிடித்துத் தருவதே அன்று அதன் பணி. இலங்கையில், தந்தித் துறைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923 இல் கொழும்பில் சோதனை ஒலிபரப்பை நடத்தினார்; 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. அக்காலத்துப் படிக வானொலிக்கு மின்கலம் வேண்டியதில்லை. வானலையிலிருந்து கிடைத்த அற்ப சக்தியே ஒலியாக மாறியது. அவ்வொலியும் ஹெட்போனில் மட்டுமே கேட்டது. வீட்டார் எல்லோரும் கேட்க விரும்பினால், மேலைநாடுகளில் ஹெட்போனை ஒரு கிண்ணத்தினுள் வைத்துச் சுற்றி அமர்வார்களாம். "கேட்கிறதா, இல்லையா?" என்பது ஒன்றே அன்றைய சோதனை.

படிக வானொலி ஒலிபரப்பு நிலையத்திற்கு அண்மையிலேயே நன்கு பயன்படும். கொழும்புக்கு எதிர்க்கரையில், மலைநாட்டுக்கு அப்பால் இருக்கும் கல்முனைப் பகுதிக்கு அது எட்டாக்கனி. 1954 இல் அமெரிக்காவில் முதலாவது திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த சிறு பெட்டிகளே பின்னாளில் எங்கள் ஊர்களில் பரவலாயின. என் சிறுபிராயத்தில் மருதமுனைத் தறிக்கொட்டில் ஒன்றில் அத்தகைய பெட்டியொன்று தொங்கியது நினைவிருக்கிறது. தறியோசையை மீறிச் செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக விளங்கினால், "இது நல்ல பெட்டி" என்பார்கள் நெசவாளர்கள். முழக்கத்தை அவர்கள் கேட்கவில்லை, சொல்லையே கேட்டார்கள்.

பின்னர் 1979 ஜூலையில் ஜப்பானிய சோனி நிறுவனம் வோக்மன் என்னும் நடமாடும் ஒலிநாடாக் கருவியை வெளியிட்டது. அதனுடன் வந்த ஹெட்போனின் நிறை சுமார் 50 கிராம் மாத்திரமே. இருவர் சேர்ந்து கேட்பதற்காக முதற் கருவியில் இரு துளைகளை வைத்திருந்தார்கள். அரபு நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்ற எங்கள் ஊரவர் சிலரின் பெட்டிகளில் அத்தகைய கருவிகள் இக்கரைக்கும் வந்து சேர்ந்தன. என் சாச்சா கொண்டுவந்ததன் பஞ்சுறையைத் தொட்டுப் பார்ப்பதற்கே நாங்கள் வரிசையில் நின்றோம். அன்று தொட்டுக் கூடிக் கேட்ட செவி, தனித்துக் கேட்கும் செவியாயிற்று. அருகிருப்பவருக்கு அவ்வொலி கேளாமையால், "சத்தத்தைக் குறை" என்று சொல்வாரும் இல்லாமற் போயினர்.

இனி, அம்மாணவனுக்கு நான் கூறிய விடைக்கு வருகிறேன். கடையிற் பாட்டைப் போட்டுப் பார்க்காதே; மனிதக் குரலைப் போட்டுப் பார். ஒலியளவைக் குறைத்து வைத்து, வலி, வழி, வளி என்னும் மூன்று சொற்களையும் கேள். அவை தனித்தனியே பிரிந்து ஒலித்தால் அக்கருவி நேர்மையானது. மூன்றும் ஒன்றாய்க் குழம்பினால், தாழ்ந்த முழக்கத்தை மிகைப்படுத்திக் குறையை மறைத்திருக்கிறார்கள் என்று கொள்க. அடுத்து அமைப்பைப் பார். கம்பி செருகியுடன் சேரும் இடமே பெரும்பாலும் முதலில் அறும். அங்கே வளையத்தக்க உறையுண்டா? கம்பியைக் கழற்றி மாற்றலாமா? தலைப்பட்டியை விரித்துவிட்டால் முறுகாமல் மீளுகிறதா? எங்கள் கடற்கரையின் உப்புக்காற்றும் வியர்வையும் உலோகத்தை விரைவில் அரிக்கும் என்பதையும் மறவாதே.

குரல் தெளியாத கருவியை வைத்திருப்பவன் தெளிவைத் தேடி ஒலியைக் கூட்டுகிறான். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சிறுவருக்கு விதந்துரைக்கும் எல்லை, 75 டெசிபலில் வாரத்திற்கு 40 மணித்தியாலம். வளர்ந்தோருக்கு 80 டெசிபல். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தீங்கின்றிக் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். வளர்ந்தோர்க்குங்கூட 90 டெசிபலில் வாரத்திற்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலமே மிஞ்சும். இரைச்சலால் உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை.

நூறாண்டுகளுக்கு முன் கருவியின் ஒலி நம் செவிக்கு எட்டுமோ என்று ஏங்கினோம். இன்று ஒலிக்குப் பஞ்சமில்லை. செவியைக் காப்பதே கவலையாயிற்று. அறுந்த கம்பியை ஒட்டவைக்கலாம். மலிவான ஹெட்போனுக்குப் பதில் இன்னொன்றும் வாங்கலாம். போன செவிக்கு மாற்றுச் செவி எந்தக் கடையிலும் இல்லை.